மாற்று அளவு டயர்: மலிவு எது, நஷ்டம் எது?

குற்றாலத்தில் சாரல் தொடங்கும் ஆனி, ஆடி மாதங்களில் தென்காசி வட்டாரத்து விவசாயிக்குக் கார் பருவத்து வேலைகள் குவிந்து கிடக்கும். நாற்று, உரம், டீசல், கூலி என்று கையிலிருக்கும் பணம் எல்லாம் வயலுக்கே போய்விடும். வண்டியின் டயர் தேய்ந்திருப்பது அப்போதுதான் கண்ணில் படும். ஈரச் சாலையில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்காமல் வழுக்கும். பணமில்லாத அந்த நேரத்தில், "இந்த அளவு இல்லை, வேறு அளவு இருக்கிறது, விலையும் குறைவு" என்று கடைக்காரர் ஒரு டயரைக் காட்டினால் அதையே மாட்டிக்கொண்டு வந்துவிடுவது பலருடைய வழக்கம்.

மாற்று அளவு டயர் போடுவதே தவறு என்று சொல்வதற்கில்லை. கணக்குப் பார்த்துப் போட்டால் பணம் மிச்சமாகும். கணக்குப் பார்க்காமல் போட்டால் டயரில் மிச்சம் பிடித்த தொகை பேரிங், பிரேக், டீசல் என்று வேறு வழிகளில் போய்விடும். சில நேரம் உயிருக்கே கேடு வரும். எனவே விலையைக் கேட்பதற்கு முன்பு விவசாயி கேட்க வேண்டியவை மூன்று: டயரின் உயரம், அது தாங்கும் பாரம், அதன் வயது. இம்மூன்றும் சரியாக இருந்தால் மாற்று அளவைப் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. ஒன்று தவறினாலும் அந்த டயர் இனாமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

கிராமத்துக்கு வந்த ஜீப்

செங்கோட்டை, கடையநல்லூர், பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கங்களில் பழைய மகிந்திரா ஜீப்பும் பொலேரோவும் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் இன்று அநேகம். இப்போது எஸ்.யூ.வி. என்று சொல்லப்படும் இவ்வகை வண்டிகளைப் பெரும்பாலோர் இரண்டாம் கையாகவே வாங்குகிறார்கள். வாய்க்கால் கரையிலும் மலையடிவாரத்துத் தோட்டப் பாதையிலும் கார் போகாது, ஜீப் போகும். பம்பு செட்டு மோட்டாரைப் பழுது பார்க்கக் கொண்டு போவதும், விதையும் உரமும் ஏற்றி வருவதும், குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போவதும் இதே வண்டியில்தான். குண்டாறு அணைக்கு மேலே கரடுமுரடான மலைப்பாதையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்கு டயரின் அருமை தெரியும்.

இந்த வண்டிகள் நல்ல தார்ச்சாலை, கல் பாதை, சேறு, சீமைக்கருவேல முள் ஆகிய எல்லாவற்றிலும் ஓட வேண்டியிருக்கிறது. புளியரைக்கு மேலே ஆரியங்காவுக் கணவாய் ஏறிக் கேரளத்துக்குப் போய் வர வேண்டியும் இருக்கிறது. நகரத்துக் காருக்குப் போதுமான டயர் இதற்குப் போதாது.

டயரில் எழுதியிருப்பது என்ன?

டயரின் பக்கவாட்டில் அச்சாகியிருக்கும் எண்களைப் படிக்கத் தெரிந்துகொள்வது கடினமல்ல. பொலேரோவுக்கு வரும் அளவு 215/75 ஆர் 15. இதில் 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது பக்கச் சுவரின் உயரம். அதாவது அகலத்தில் 75 சதவீதம். ஆர் என்பது ரேடியல் டயர் என்பதைக் குறிக்கும். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

இவற்றைக் கொண்டு டயரின் முழு உயரத்தையும் கணக்கிடலாம். 215-இல் 75 சதவீதம் சுமார் 161 மில்லிமீட்டர். மேலும் கீழும் இரு பக்கச் சுவர் இருப்பதால் 322. நடுவில் 15 அங்குல ரிம் 381. மொத்தம் சுமார் 703 மில்லிமீட்டர். வண்டியின் கியர், ஸ்பீடாமீட்டர், பிரேக் எல்லாம் இந்த உயரத்தை வைத்தே அமைக்கப்பட்டவை. மாற்று அளவைத் தேடும்போது இந்த 703 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பழைய ஜீப்புகளில் 6.00-16 என்று ஒரே எண்ணாக எழுதியிருக்கும். அது நைலான் டயர், ரிம் 16 அங்குலம். அதற்கு ரேடியல் டயர் போட விரும்புவோர் ரிம்மின் விட்டத்தையும் அகலத்தையும் பார்த்தே வாங்க வேண்டும். 16 அங்குல ரிம்மில் 15 அங்குல டயரைத் திணிக்க முயல்வதும், 15 அங்குல ரிம்மில் 16 அங்குல டயரை மாட்ட முயல்வதும் ஆபத்து. காற்று ஏற்றும்போதே டயர் ரிம்மை விட்டுத் தெறித்துவிடும். மேலும் ஓர் அச்சில் ஒரு பக்கம் நைலான், மறுபக்கம் ரேடியல் என்று கலந்து போடவே கூடாது. குட்டையும் நெட்டையுமாக இரண்டு மாடுகளை ஒரே நுகத்தில் பூட்டினால் வண்டி எப்படிப் போகும் என்பது விவசாயிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எவ்வளவு வித்தியாசம் தாங்கும்?

முழு உயரத்தில் இரண்டு, அதிகம் போனால் மூன்று சதவீத வித்தியாசம் வரை பாதகமில்லை என்பது டயர் தொழிலில் உள்ளவர்கள் கைக்கொள்ளும் கணக்கு. 703 மில்லிமீட்டரில் மூன்று சதவீதம் என்றால் 21 மில்லிமீட்டர். 235/70 ஆர் 15 என்ற அளவின் உயரம் 710. வித்தியாசம் ஒரு சதவீதம்தான். 225/70 ஆர் 15 என்றால் 696. இதுவும் ஏறக்குறைய ஒரு சதவீதக் குறைவு. ரிம்மின் அகலம் இடம் கொடுத்து, பாரமும் சரியாக இருந்தால் இவற்றைப் பரிசீலிக்கலாம்.

பலரும் ஆசைப்படுவது 235/75 ஆர் 15. டயர் அகலமாகத் தெரியும், வண்டி எடுப்பாக நிற்கும். அதன் உயரம் சுமார் 733. அதாவது 30 மில்லிமீட்டர் கூடுதல், சதவீதக் கணக்கில் நான்குக்கும் மேல். ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி 62-க்கு மேல் ஓடும். சக்கரம் பெரிதாகிவிட்டதால் கணவாய் ஏற்றத்தில் இழுவை குறையும், ஒரு கியர் குறைத்தே ஏற வேண்டிவரும். ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்தால் மட்கார்டில் உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும். வண்டி தயாரித்த கம்பெனியே இந்த அளவை அனுமதித்திருந்தால் போடலாம். அழகுக்காக என்றால் வேண்டாம். "அகல உழுவதை விட ஆழ உழு" என்ற பழமொழி டயருக்கும் பொருந்தும்.

இதற்கு நேர்மாறான தவறு, சிறிய டயரைப் போடுவது. 15 அங்குல ரிம் கொண்ட கார், வாடகை வண்டிகளில் கழற்றிய 205/65 ஆர் 15 போன்ற டயர்கள் பழைய டயர் கடையில் மலிவாகக் கிடைக்கும். ரிம்மில் உட்கார்ந்தும் விடும். ஆனால் அதன் உயரம் 647 மில்லிமீட்டர்தான். எட்டு சதவீதம் குறைவு. வண்டியின் அடிப்பாகம் 28 மில்லிமீட்டர் தரையை நோக்கி இறங்கிவிடும். வரப்பிலும் கல் பாதையிலும் அடி தட்டும். இதில் ஒரு ஏமாற்றமும் உண்டு. சக்கரம் சிறிதாகிவிட்டதால் மீட்டர் வேகமாக ஓடும். மீட்டரில் 100 கிலோமீட்டர் ஏறினால் உண்மையில் வண்டி ஓடியது 92 மட்டுமே. "டயர் மாற்றிய பிறகு மைலேஜ் கூடிவிட்டது" என்று சந்தோஷப்படுபவர் இதை யோசிக்க வேண்டும். மீட்டர்தான் கூடுதலாகக் காட்டுகிறது, டீசல் மிச்சமாகவில்லை.

நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் வைத்திருப்போர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். முன்னும் பின்னும் வேறு வேறு உயரத்தில் டயர் போட்டு, நான்கு சக்கர இழுவையைக் கெட்டியான சாலையில் பயன்படுத்தினால் கியர் பெட்டியோடு சேர்ந்த பற்சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு தேயும். அந்தப் பழுதுக்கு ஆகும் செலவில் புது டயர்களே வாங்கிவிடலாம்.

பாரம் தாங்குமா?

அளவுக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். அந்த எண் டயர் தாங்கும் பாரத்தைக் குறிப்பது. 100 என்றிருந்தால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 94 என்றால் 670 கிலோ. 91 என்றால் 615 கிலோ. எழுத்து, டயர் தாங்கும் வேகத்தைக் குறிப்பது. எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர். நம் சாலைகளில் அந்த வேகம் தேவையில்லை. ஆனால் பாரத்தின் எண் மிகவும் தேவை.

பாரத்தில் ஆறு எண் குறைந்தால் டயர் ஒன்றுக்கு 130 கிலோ குறைகிறது. பின் அச்சின் இரு டயர்களுக்கும் சேர்த்து 260 கிலோ. யூரியா மூட்டை இப்போது 45 கிலோ. பத்து மூட்டை ஏற்றினால் 450 கிலோ. அதில் பெரும்பகுதி பின் சக்கரங்களின் மேல்தான் இறங்கும். கார் டயர் போட்ட ஜீப்பில் இந்தப் பாரத்தை ஏற்றி, சித்திரை வெயிலில், காற்றும் குறைவாக வைத்து ஓட்டினால் டயர் சூடேறி வெடிப்பதில் வியப்பில்லை. பழைய டயரில் இருந்த பாரத்தின் எண்ணுக்குக் குறையாத டயரே வாங்க வேண்டும். கூடினால் நல்லது.

பல் பார்ப்பது போல வயது பார்க்க வேண்டும்

மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்காத விவசாயி இல்லை. டயருக்கும் பல் உண்டு. பக்கவாட்டில் ஒரு சிறு கட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் வருடம். 3523 என்றிருந்தால் 2023-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் தயாரான டயர். ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் முதுமை அடையும், வெயிலில் கிடந்தால் சீக்கிரம் இறுகி வெடிக்கும். ஐந்து வருடம் கடந்த டயரை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், பத்து வருடம் ஆனதைப் பட்டன் இருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்பது டயர் கம்பெனிகள் கூறும் பொது அறிவுரை. "புதுசு போல இருக்கிறது" என்று கறுப்புப் பூசிக் காட்டும் பழைய டயரை இந்த நான்கு எண்கள் காட்டிக் கொடுத்துவிடும்.

பழைய டயர் வாங்கியே தீர வேண்டிய நிலை வந்தால் உட்புறத்தையும் பார்க்க வேண்டும். பக்கச் சுவரில் ஒட்டு, வீக்கம், கம்பி தெரிதல், தேய்ந்த டயரில் மறுபடியும் பட்டன் வெட்டிய அடையாளம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிவிட வேண்டும். ரீட்ரேடு செய்த டயர் வேறு விஷயம். நல்ல உடல் உள்ள டயரில் முறையாகச் செய்தால் அது உழைக்கும். அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் டயரைப் புதுப்பித்துத்தான் ஓட்டுகின்றன. ஆனால் அதை முன் சக்கரத்தில் போடாதிருப்பது நலம்.

சாரலும் மொட்டை டயரும்

மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 94-ஆவது விதிப்படி இவ்வகை வண்டிகளின் டயரில் பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இதை அளக்கக் கருவி வேண்டாம். பட்டனுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் ஆங்காங்கே சிறு மேடு வைத்திருப்பார்கள். பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள்.

பட்டனின் வேலை தண்ணீரை ஒதுக்கித் தள்ளுவது. மொட்டை டயருக்கு அடியில் தண்ணீர் ஒரு படலமாக நின்றுவிடும். சக்கரம் சாலையைத் தொடாமல் தண்ணீரின் மேல் மிதக்கும். சாரல் காலத்தில் தென்காசியிலிருந்து குற்றாலம், ஐந்தருவி, செங்கோட்டை போகும் சாலைகள் நாள் முழுதும் நனைந்தே இருக்கும். வெளியூர் வண்டிகளின் கூட்டமும் அப்போதுதான். பெருமழையை விட, எண்ணெய்ப் பிசுக்கின் மேல் விழும் சிறு தூறல் வழுக்குவதில் மோசம். கார் பருவம் தொடங்கும் முன் வண்டியின் பட்டனைப் பார்த்துவிடுவது விதைநெல்லைப் பார்ப்பது போல் அவசியம்.

நான்கும் வாங்க முடியாதவர் இரண்டாவது ஜோடியாக வாங்க வேண்டும். அந்தப் புது ஜோடியைப் பின் சக்கரத்தில் போடுவதே பாதுகாப்பு. நம் ஊரில் முன்னால் போடும் வழக்கம் உண்டு. ஆனால் ஈரச் சாலையில் பின் சக்கரம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும், சாதாரண ஓட்டுநரால் அதை மீட்க முடியாது.

உண்மையான விலை

கணக்குக்காக ஒன்றை எடுத்துக்கொள்வோம். புது டயர் 6,000 ரூபாய், 45,000 கிலோமீட்டர் ஓடுகிறது. பழைய டயர் 2,500 ரூபாய், 12,000 கிலோமீட்டர் ஓடுகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்குப் புது டயரின் செலவு 133 ரூபாய். பழைய டயரின் செலவு 208 ரூபாய். நடுவழியில் பஞ்சர் ஆகிக் காய்கறி சந்தைக்குப் பிந்திப் போகும் நஷ்டம் இதில் சேரவில்லை. விலையும் ஓட்டமும் இடத்துக்கு இடம் மாறும். ஆனால் கணக்குப் போடும் முறை இதுவே.

வரியும் இப்போது குறைந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் புதிய டயர்களுக்கான சரக்கு-சேவை வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. டிராக்டர் டயருக்கு 5 சதவீதம் ஆயிற்று. 5,000 ரூபாய் அடிப்படை விலையுள்ள டயரில் வரி 1,400-லிருந்து 900 ஆகியிருக்கிறது. பில் கேட்டு வாங்குகிறவருக்கே இந்த 500 ரூபாய் கண்ணுக்குத் தெரியும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத புது டயரை வாங்கவே கூடாது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. "கணக்கெல்லாம் சரி, கையில் 2,500 தானே இருக்கிறது" என்று சிறு விவசாயி கேட்பார். அவர் கேட்பதில் தவறில்லை. அதனால்தான் டயர் வாங்கும் காலத்தை மாற்ற வேண்டும். கார் நடவுக்குப் பணம் தேவைப்படும் ஆனியில் அல்ல, பிசான அறுவடை முடிந்து பணம் வரும் மாசி, பங்குனியில் டயரைச் சோதித்து, தேவையானால் ஒரு ஜோடி மாற்றிவிட வேண்டும். அடுத்த பிசானத்துக்கு மறு ஜோடி. இப்படிச் செய்தால் நான்கு டயரின் பாரமும் ஒரே நாளில் தலையில் விழாது.

சட்டமும் பொறுப்பும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. ஆகவே அதே மாடல் வண்டிக்குக் கம்பெனி குறித்திருக்கும் அளவுகளுக்குள் மாற்று தேடுவதே பத்திரம். கம்பெனி குறித்த டயர் அளவும் காற்றின் அளவும் வண்டியோடு வரும் கைப்புத்தகத்தில் இருக்கும். அதை விட்டு விலகினால் விபத்தின்போது காப்பீட்டுக் கம்பெனி கேள்வி எழுப்பவும் இடம் உண்டு.

ஆனால் பொறுப்பு முழுவதையும் விவசாயியின் தலையில் வைப்பது நியாயமல்ல. டயர் விற்கும் கடைகள் அளவு, பாரத்தின் எண், தயாரிப்பு வாரம் ஆகிய மூன்றையும் பில்லில் தமிழில் எழுதித் தர வேண்டும். பழைய டயருக்கும் இது பொருந்த வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் அபராதத்துக்கு மட்டும் வண்டியை நிறுத்தாமல், சாரலுக்கு முன்பே சந்தை நாட்களில் பாவூர்சத்திரத்திலும் செங்கோட்டையிலும் டயர்ச் சோதனை முகாம் நடத்தலாம். பெரிய செலவு ஏதும் இல்லை.

விவசாயிகள் தாமே செய்யக் கூடியதும் உண்டு. கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் 2017-18 முதல் நூறு சிறு, குறு விவசாயிகள் கொண்ட உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் அமைக்கப்பட்டு, குழுவுக்கு 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி தரப்பட்டது. சேர்ந்து இயந்திரம் வாங்கிப் பழகிய இக்குழுக்கள் உறுப்பினர்களின் சொந்தப் பணத்தைத் திரட்டி ஜீப், டிரெய்லர், டிராக்டர் டயர்களையும் மொத்தமாக விலை பேசலாம். இருபது டயருக்குச் சேர்ந்து கேட்பவர்களுக்குக் கிடைக்கும் விலையும் மரியாதையும் ஒரு டயருக்குத் தனியாகக் கேட்பவருக்குக் கிடைப்பதில்லை. பழைய டயரை நாடுவதற்கு உள்ள காரணத்தில் பாதி அதிலேயே போய்விடும்.

வண்டிக்குக் கம்பெனி சொன்ன காற்றை வாரம் ஒரு முறை, ஓட்டுவதற்கு முன் சூடில்லாதபோது பார்ப்பது, பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை டயர்களை இடம் மாற்றுவது, ஸ்டெப்னியையும் அதே அளவில் வைத்திருப்பது ஆகியவை போட்ட டயரின் ஆயுளைக் கூட்டும். இந்தப் பிசானப் பணம் வரும்போது, வண்டியின் நான்கு டயரிலும் உள்ள எண்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கடைக்குப் போகட்டும். விலையை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.